எச்சி பட்டா ஒட்டாதாம்

"...ரெண்டாவது வாட்டிங்க! ரெண்டாவது வாட்டியும் புட்டுகினு வந்துட்ச்சு. எம் பொண்ணு இட்லி துன்னுகினு இருந்துச்சு... இட்லிங்க, முறுக்கு கூட இல்ல! 'அப்பா, கல்லு'ன்னு துப்புது. பாத்தா, டாக்டரு கடவாப் பல்லுல அடைச்ச சிமெண்ட்டு!"

தனசேகரனுக்குப் பவர்லூம் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். ஆரணியின் அந்தச் சின்ன கிளினிக் முழுக்கக் கேட்டது. மகள் சுபலட்சுமியை அப்போதுதான் உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பல் பிடுங்கி, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

"கேட்டா இன்னா சொல்றாரு தெரியுமா? பால் பல்லுக்கு மேல்பூச்சு மெலிசாம். நல்லா காஞ்சிருந்தாதான் அந்தப் பசை புடிக்குமாம். ஒரு பொட்டு எச்சி பட்டாலும் போச்சாம்! ஏங்க, எச்சி வாய்ல இல்லாம வேற எங்க இருக்கும்? பட்டு நூலு அறுந்தா எச்சி தொட்டுதான் நாங்க முடிச்சே போடறோம். அது நிக்கலியா? ஒரே பேஜாருங்க... இதுவும் வுழுந்தா பல்லையே எடுத்துடணும்ங்கறாரு. சின்னப் புள்ளைங்க. ராத்திரில கன்னத்த புடிச்சிகினு சத்தமில்லாம அழுவுது..."

பஞ்சுக்காரர் தலையாட்டினார். அது போதும் தனசேகரனுக்கு.

"இன்னிக்கு என்ன உள்ளயே வுடலிங்க! 'நீங்க வெளிய இருங்க சார்'னு நர்சம்மா கதவ சாத்திட்டாங்க. பெத்தவன் பக்கத்துல நின்னா தைரியம்தான? போன ரெண்டு வாட்டியும் கூடவே நின்னுகினு, 'வலிக்குதாம்மா? பயமா இருக்கா? சொல்லுடா'ன்னு கேட்டுகினே இருந்தேன். அதுவும் 'இல்லப்பா, இல்லப்பா'ன்னு அழகா பதில் சொல்லிச்சு. அந்த டாக்டரு மூஞ்சியதான் பாக்கணும்... ஒவ்வொரு வாட்டியும் அது வாய்ல வெச்ச, நனைஞ்ச பஞ்ச மாத்திகினு, உர்ருன்னு..."

பஞ்சுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கதவு திறந்தது. "இந்த வாட்டி நல்லா புடிச்சிருக்கு" என்றார் டாக்டர். சுபலட்சுமி ஓடி வந்தாள்.

தனசேகரன் குனிந்தான். "பயந்துட்டியாம்மா?"

"எனக்கு எப்பப்பா பயம்? உள்ள யாரும் ஒண்ணும் கேக்கல, நான் வாயே மூடல." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இருந்தா கேட்டுகினே இருப்ப. பதில் சொல்லலைன்னா நீ பயந்துடுவியேன்னுதான் ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன்."