கறுப்பு ரெசினுக்கு அடியில்

ஜெனரேட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் பெயின்டைத்தான் பார்ப்பார்கள், ஐயா. பச்சையா மஞ்சளா என்று அரைமணி நேரம் பேசுவார்கள். உள்ளே இருக்கும் ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ரெகுலேட்டர் என்பது உள்ளங்கை அளவுப் பலகை. வெளியே போகும் வோல்டேஜை இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாகக் கவனித்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். கம்பி கழன்றுவிட்டால், வோல்டேஜே இல்லை என்று எண்ணி இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டிவிடும். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிட ஒரு காவல் சர்க்யூட் வடிவமைத்தேன். எட்டு வருடம் எரிந்த பலகைகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றது அது.

முதலாளி என் அக்கா வீட்டுக்காரர். அத்தானுக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. யாரும் காப்பியடிக்காமலிருக்கப் பலகைமேல் கறுப்பு ரெசின் ஊற்றுவோம். அது இறுகியதும் அத்தான் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவோம்: ‘வடிவமைப்பாளர், விஞ்ஞானி’. விஞ்ஞானி என்பது அச்சகத்துக்காரர் இலவசமாகச் சேர்த்தது.

ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெனரேட்டருக்கு ஆர்டர் வந்தது. திறப்பு விழாவில் அத்தானுக்குக் கேடயம் தருவதாகச் சொன்னார்கள். மேடை ஓரத்தில் நானும் நிற்கட்டுமா என்று கேட்டேன்.

“மாப்ளே, நீ ஜெனரேட்டர் ரூம்லயே இரு. மேடை ஏறினா உனக்கு நாக்கு ஒட்டிக்கும்” என்றார்.

“அவருக்குப் பேர் வந்தா உனக்கு வந்த மாதிரிதானேடா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத” என்றாள் அக்கா.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பலகையில் மட்டும் காவல் சர்க்யூட்டைச் சேர்க்காமல் ரெசின் ஊற்றினேன். பொருத்தும்போது வாஷரை எடுத்துவிட்டு, வோல்டேஜைக் கவனிக்கும் கம்பியின் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். அதிர்வில் அது கழல முப்பது மணி நேர ஓட்டம் வேண்டும். பட்டறையில் நான்கு முறை சோதித்திருந்தேன்.

விழாவில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அத்தான் நாற்பது நிமிடம் பேசினார். ரெகுலேட்டரை இரண்டு முறை ரேடியேட்டர் என்றார். கைதட்டினார்கள்.

ஏழாவது வாரம், காலை பத்தரை மணிக்கு மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பி கழன்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் கருவிகள் எரிந்தன. மூன்று பேர். ஒருவர் தையல்காரர், தேறிக்கொண்டிருந்தாராம்.

ஜெனரேட்டர் லைன் எந்த வார்டுக்குப் போகிறதென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இழுத்தது நான்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பாளர் என்று அத்தானைப் பிடித்தீர்கள். பதினொரு நாள் நான் வாய் திறக்கவில்லை. அக்கா வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலைப் பேப்பரில், பலகையைச் சோதிக்க நீங்கள் வைத்த நிபுணரின் பேட்டி. ரெசினைச் சுரண்டிப் பார்த்தாராம். ‘இது கவனக்குறைவு அல்ல. எத்தனை மணி நேரத்தில் கழலும் என்று அளந்து செய்திருக்கிறார். இவ்வளவு நுணுக்கமான கையை நான் பார்த்ததில்லை’ என்கிறார். மேலே அத்தான் படம்.

மனசாட்சி உறுத்தியது, ஐயா. பஸ் பிடித்து நேராக இங்கே வந்துவிட்டேன். உங்கள் நிபுணர் இந்தக் கட்டடத்தில்தானே இருக்கிறார்? அவர் எதிரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.