அறுத்த கூம்பு

கத்தி என்னோடதுதான் சார். அதுல ஒளிக்க என்ன இருக்கு? காலையில ஆறு மணிக்கு நானேதான் அறுத்தேன். அறுத்துக் கொதிக்கிற தண்ணியில போட்டேன். வாட்ச்மேனை விட்டுடுங்க, அந்த மனுஷன் ஸ்டூலைப் பிடிச்சதோட சரி.

பனையா? நீங்களுமா! விசாரிக்க வர்றவர் மரத்தையாவது பார்த்துட்டு வந்திருக்கலாம். பார்க்கத்தான் பனை மாதிரி. இது சைக்கஸ். பூக்காது, காய்க்காது. ஆண் தனி மரம், பெண் தனி மரம். பதினஞ்சு வருஷம் தண்ணி ஊத்தினாத்தான் எதுன்னே தெரியும். ஆணா இருந்தா உச்சியில முழங்கை நீளத்துக்கு ஒரு கூம்பு வரும், அதுலதான் மகரந்தம். நம்ம தாவரவியல் தோட்டத்துல நிக்கறது ஆண். தோட்டக்காரங்க வச்ச பேரு ஒண்டிக்கட்டை.

ஆமா, இந்த இனத்துல மலையில ஒரே ஒரு பெண் மரம்தான் மிச்சம். அது இப்ப மகரந்தம் ஏத்துக்கற பக்குவத்துல இருக்கு, இன்னும் நாலு நாளைக்கு. இந்த மகரந்தத்தை அதுல தூவி, வர்ற விதையில முந்நூறு கன்னு போட்டு மலை முழுக்க நடணும். திட்டம் தெரியும் சார். எழுதினவ என் மாணவிதானே. இன்னைக்கு எனக்கே தலைவி.

பொறாமையா? அவளா சொன்னா? அவ ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கமா போட்டுக் கொடுத்ததே நான். அவ மேல பொறாமைப்பட எனக்கென்ன வேற வேலை இல்லையா?

வேலை போகும், பென்ஷன் போகும்னு மூணாவது தடவையா சொல்றீங்க. முதல் தடவையே காதுல விழுந்துச்சு.

சைக்கஸ்ல ஒரு இனம் இன்னொரு இனத்தோட சுலபமா சேர்ந்துடும்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா? மனுஷங்க கலந்தா நல்லதுதான், நானே அப்படிக் கட்டிக்கிட்டவ. ஆனா அழியப்போற மரத்தோட பேர்ல வேற எதையோ நட்டுட்டு, காப்பாத்திட்டோம்னு கைதட்டினா அது பித்தலாட்டம்.

ஆதாரமா? ஆதாரம் நான்தான். இருபத்தேழு வருஷம் முன்னாடி அந்த மலைக்கு விதை எடுக்கப் போனவ நான். வயித்துல ஆறு மாசம். மழை வேற. பாதி வழியில வழுக்கி விழப் பார்த்தேன். பயந்து இறங்கிட்டேன். அடிவாரத்துல ஒரு விடுதித் தோட்டம். அதே இனத்துப் பெண் மரம் ஒண்ணு, கீழ விதை கொட்டிக் கிடந்துச்சு. சுத்தி எந்தெந்த நாட்டு சைக்கஸோ நின்னுது. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பொறுக்கினேன். பதிவேட்டுல மலை உச்சின்னு எழுதினேன்.

அதுல முளைச்சதுதான் சார் இந்த மரம், அப்பன் எந்த இனம்னே தெரியாது. முன்னாடி ரெண்டு தடவை கூம்பு விட்டுச்சு. அப்ப யாரும் மகரந்தம் கேக்கல, நானும் வாயைத் திறக்கல.

அதைக்கூட விடுங்க. தோட்டத்துல ஆண் மரம் பத்திரமா இருக்குன்னு நான் எழுதினதை நம்பி, மலையில வேற ஆண் இருக்கான்னு இத்தனை வருஷமா ஒருத்தரும் ஏறிப் பார்க்கல. இன்னைக்கே ஆள் அனுப்புங்க சார். என்னை வேலையை விட்டுத் தூக்கற கடிதத்தை அப்புறமா, நிதானமா, பிழையில்லாம எழுதுங்க.