நானூற்று எண்பது மணி

— இருபத்தியோரு நாள் முடிஞ்சுபோச்சு அம்மணி. ஆறாயிரம் முட்டையில ஒரு குஞ்சுகூடத் தலை நீட்டல. கொட்டறதுக்கு வண்டி வாசல்ல நிக்குது. மெஷினைப் பாத்துக்கற ஜெரோமுக்கு இன்னியோட வேலை இல்லைன்னு சொல்லிப்போட்டேன். பொரிப்பு மெஷினு உங்க கம்பெனியுது. அவன் சூட்டைக் கவனிக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.

— சசிதர் அண்ணா, மெஷினோட பதிவு ஃபைலைத் திறந்து வெச்சிருக்கறேனுங்க. சூடு ஒரு புள்ளி நகரலீங்க. ஜெரோம் மேல எழுத ஒண்ணுமில்லீங்க.

— பிரீத்திகா, உங்க அறிக்கையிலயே ஐநூத்தி நாலு மணி நேரம் ஓடுச்சுன்னு இருக்குது. அத்தனையும் ஓடியும் பொரிக்கலைன்னா?

— அது என் தப்புங்க. இருபத்தியோரு நாளுக்கு ஐநூத்தி நாலுதானேன்னு புரோகிராம்ல நானே எழுதி வெச்சுட்டேன். ஃபைல்ல ‘தட்டு’, ‘மணி’ன்னு ஒவ்வொரு அளவுக்கும் பேரு இருக்குதுங்க. பேரைச் சொல்லிக் கேட்டா, எத்தனை இருக்குதுன்னு அதுவே சொல்லும். இப்பத்தான் கேட்டேன். தட்டு நாப்பது. மணி நானூத்தி எண்பது.

— சாக்கு மேல எழுதின எடையை நம்பி, தராசுல வெக்காமயே வித்திருக்கறீங்க.

— ஆமாங்ணா.

— செரி, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சொல்லுங்க.

— இதுல பேரம் இல்லீங்ணா. முழுசா ஒரு நாள் கொறையுது.

— கரண்டு போயிருக்கும்.

— போயிருந்தா நடுவுல கொறையுமுங்க. இது தொடக்கத்துலயே இல்லை. முட்டை அடுக்கினது திங்கக்கிழமை காத்தாலன்னு ஜெரோம் எழுதியிருக்கறாரு. மெஷினோட மொதல் பதிவே செவ்வாக்கிழமை காத்தால.

— அப்ப அடுக்கிப்போட்டு, சுவிட்ச் போடாம ஊட்டுக்குப் போயிட்டான். அதையே எழுதுங்க.

— சுவிட்ச் போட்டது ஆருன்னு ஃபைலுக்குத் தெரியாதுங்க. ஆனா முட்டை கெடலீங்ணா. அதுக்கு இன்னிக்கு இருபதாம் நாள்தான். நாளைக்கு வரைக்கும் கொட்டாதீங்ணா.

— லைன்லயே இருங்க. வண்டியைத் திருப்பி அனுப்பிப்போட்டு வாரேன்.

— ஜெரோமையுமுங்களா?

— அவனை எங்கீங்க அனுப்பறது. அந்தத் திங்கக்கிழமை நவமி அம்மணி. ‘நீ ஊட்டுக்குப் போ, சுவிட்சை நாளைக்கு நான் போட்டுக்கறேன்’னு சொன்னதே நான்தான்.