மாநாட்டுக்கு வராதவள்

தாம்பரத்தில் மேடவாக்கம் பஸ் கிளம்பியதுமே, காலி மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் வெடித்தாள்.

“நான் வரவே இல்லைன்னு மைக்குல சொல்றான்க்கா! நான் அங்கயேதான் கீறேன்!”

“எங்கடி?”

“அதான், நாட்டுப் பாதுகாப்பு மாநாடு. கடலோரத்துக்கு நீங்கதான் காவலு, வந்து பேசும்மான்னு அவனுங்களே வூட்டாண்ட வந்து கூப்ட்டானுங்க. பெரிய மனுஷங்க கூப்ட்டா வெறுங்கையோடவா போறது? நல்ல வஞ்சிரமா ரெண்டு எடுத்துகினு போனேன்.”

“அதான் நீ பண்ண தப்பு.”

“கேட்டாண்ட வாட்ச்மேன் கூடைய பாத்தான். மீன்காரிக்கு வழி பின்பக்கம்னுட்டான். பேச வந்துகீறேன்னா சிரிக்கிறான். பின்னாடி போனா சமையல்காரன், அங்க கொட்டி வச்சிருந்த மீனையும் சேத்து வெட்டுன்றான். வெட்டிக் குடுத்தாவது உள்ள வுடுவான்னு குந்திட்டேன்.”

“வுட்டானா?”

“செதில் தேச்சிகினு கீறேன், ஸ்பீக்கர்ல என் பேரு வருது. மீனவப் பொம்பளைங்க சார்பா பேச வேண்டியவங்க வரலையாம். இவங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு பத்தலையாம். அதுக்கு கை வேற தட்றாங்க!”

“நீ கத்தலையா?”

“கத்துனேன். எவன் காதுல வுழுந்துது?”

கூடையை ஓங்கிக் காலடியில் வைத்தாள்.

“வராதவ வெட்டிக் குடுத்த மீனத்தான் மத்தியானம் அத்தினி பேரும் துன்னானுங்க.”