மூப்பர் வீட்டுப் பொய்கையம்மா

காபி நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. சிக்கரிதான் கொஞ்சம் தூக்கல். உலகச் சண்டை முடிந்தும் காபிக்கொட்டைக்கு வந்த கேடு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. ஒரு டம்ளர் காபியைச் சட்டையில் சிந்தாமல், பக்கத்தில் இருப்பவர் மேல் வீசாமல் குடித்து முடிப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது என் வீட்டில் மூன்று வருஷம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் பெயர் எலியேசர். பத்திரம் எழுதுகிறவன். ரிஜிஸ்டர் கச்சேரிக்கு எதிர்ப் புளியமரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதிய பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. உங்கள் ரைட்டர் தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும். சித்தூர் ஜில்லாவில் பிறந்த பாவத்துக்கு எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். இது தவிர நான் சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சின் முதல் பெஞ்சு என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. விஷயமே அந்தப் பெஞ்சில்தான் ஆரம்பிக்கிறது.

என் மனைவி தபிதாள் மணவூர்ப் பெண். அவளுடைய அப்பாவைக் குடிகாரர் என்று ஊரே சொன்னது. நடந்தால் தள்ளாடுவார், உட்கார்ந்தால் தோள் துள்ளும். ஒரு சொட்டுக் கள்ளைக்கூட அவர் தொட்டதில்லை என்று இவள் சத்தியம் செய்வாள். அப்பா மேல் பாசம், போகட்டும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். கல்யாணமாகிப் பதினாறாம் வருஷம் இவளுடைய இடது கை தானாக எழும்ப ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கை, பிறகு தோளோடு முழுக்கையும். வீசும், சுழலும், மேலே எழும்பி யாரையோ கூப்பிடும். வலது கையால் அமுக்கிப் பிடித்தால் வலதையும் கூட்டிக்கொண்டு ஆடும். தூக்கத்தில் மட்டும் ஓய்ந்திருக்கும்.

பட்டணத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினேன். மூளையில் கோளாறு, பரம்பரையாய் வருவது, லட்சத்தில் ஒருவருக்கு வரும், மருந்து கிடையாது, பத்து வருஷம் இழுக்கும் என்றார். மாமனார் குடிகாரர் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்ததால் மன்னிப்புக் கேட்கும் சிரமம் எனக்கு மிச்சம்.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஊருக்கு யார் புரியவைப்பது? ஒரு ஞாயிறு நற்கருணை ஆராதனையில் அவள் கை எழும்பி, பாதிரி ஐயர் நீட்டிய பாத்திரத்தை ஒரே அடி. திராட்சரசம் அவருடைய வெள்ளை அங்கி முழுவதும் வழிந்தது. பேய் என்று சபை முடிவு செய்தது. அடுத்த வாரம் நாங்கள் கடைசிப் பெஞ்சில், செருப்புகளுக்குப் பக்கத்தில். அடுத்த மூப்பர் பிரபுதாஸ்தான் என்று பேச்சும் கிளம்பியது. அதே கை தெருவில் ஆடினால் வேறு தீர்ப்பு. மலையிலிருந்து முருகன் இறங்கி மூப்பர் பெண்சாதி மேல் வந்திருக்கிறான் என்று எதிர்வீட்டுப் பூவம்மாள் கண்டுபிடித்தாள். கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் வாசலில் பூ, விபூதி, கற்பூரம்.

"மூப்பரே, சாமி உங்க வூட்டைத் தேடிகினு வந்துகீது. நீங்க கதவைச் சாத்திகினு கீறீங்களே?"

இது சாமி இல்லை, நோய் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டே கேட்டாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் யாருக்காவது அந்தப் பிரசங்கத்தைச் செய்துகொண்டுதான் இருந்தேன்.

தபிதாள் இதற்கெல்லாம் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சர்ச்சுல தட்டிவுட்டா பேய்ன்றாங்க, தெருவுல தட்டிவுட்டா சாமின்றாங்க. எனக்கு ஒரு வாய் காப்பி சிந்தாம குடிச்சா போதுங்க" என்பாள். பூவம்மாள் கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலையும் கூச்சமில்லாமல் சாப்பிடுவாள். ஊட்டிவிடுவதும் பூவம்மாள்தான். நான் ஊட்டியிருக்கலாம். என் வேட்டி வெள்ளை.

டாக்டர் சொன்ன பத்தில் மூன்று போனது, மீதி ஏழு. செருப்பு வாடையில் ஏழு வருஷம் ஜெபம் செய்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் அந்தக் கை கொஞ்சம் அடங்கும் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத காலைகளில் சரவணப் பொய்கைக்குக் கூட்டிப்போய் நிற்கவைப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக நிற்பாள். தண்ணீருக்குள் என்னை முழுக்க நம்புவாள்.

போன ஆடிக் கிருத்திகை அன்று உச்சிவேளையில் கூட்டிப்போனேன். மலை முழுவதும் காவடி.

"இன்னிக்கி ஏங்க? இவ்ளோ ஜனத்துல?" என்றாள்.

"கூட்டத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க, வா" என்றேன். நான் சொன்னது அப்படியே பலித்தது.

இடத்தைப் பத்திர முறைப்படி சொல்லிவிடுகிறேன். கிழக்கே கல் மண்டபம், தெற்கே மலைக்குப் போகும் வழி, மேற்கே முடி எடுக்கும் கொட்டகை, வடக்கே பூக்கடை. இந்த நான்கு எல்லைக்குள் ஐந்தாம் படி. அதற்குக் கீழே படி உடைந்து ஆள் முழுகும் ஆழம். அது எனக்கு முன்பே தெரியும். நான் ஐந்தாம் படியில் நின்றுகொண்டேன். அவளை அதற்கு அப்பால் இறக்கினேன். விட்டேன்.

கைகள் இரண்டும் எழும்பின, தண்ணீரை அடித்தன. சுற்றி நின்ற அத்தனை பேரும் அரோகரா என்று கைகூப்பினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் அவள் மேல் ஊற்றப்பட்டது. பூவம்மாள் ஆனந்தத்தில் அழுதாள். பூக்கடை ஆறுமுகம் ஒருவனுக்குத்தான் சந்தேகம் தட்டியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"தொடாதடா. சாமி மேல இருக்கசொல்ல தொட்டா குத்தம்" என்று பூவம்மாள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். "மூப்பரே, அம்மா முழுகுறாப்பல கீதே?"

வாரம் தவறாமல் நான் சொல்லிவந்த அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னால் போதும். அன்றைக்கு மட்டும் நான் பிரசங்கம் செய்யவில்லை. கைகூப்பினேன். மூப்பரே கும்பிடுகிறார் என்றதும் ஆறுமுகம் கரையேறிவிட்டான்.

இரண்டு காவடிப் பாட்டு முடிகிற நேரம். பிறகு கைகள் ஓய்ந்தன.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடம் கொடுத்தார்கள். பேய் என்று சொன்னவர்கள்தான் அதிகம் அழுதார்கள். முதல் பெஞ்சு எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் பூவம்மாள் சும்மா இருந்தாளா? பொய்கைக் கரையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை கட்டி, பொய்கையம்மா என்று பெயரும் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு. கை மரத்துப்போன நெசவாளிகள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து விழுந்து கும்பிடுகிறார்கள். போன மாதம் ஐயருடைய சம்சாரமே முக்காடு போட்டுக்கொண்டு போய்வந்தாள்; ஐயருக்கு முழங்கால் வலியாம்.

கல்லை எடுக்கச் சொல்லித் தாசில்தாருக்கு மூன்று மனு எழுதினேன். சாமி எடுத்துக்கொண்ட இடம், அதில் கை வைக்க முடியாது என்றார். கொலை நடந்த இடம் என்றால் வைக்கலாம் அல்லவா? அதற்காகத்தான் வந்தேன். ஒரு சபை மூப்பரின் மனைவி கல்லாய் உட்கார்ந்து கற்பூரம் வாங்கிக்கொள்வதைவிட, மூப்பர் தூக்கில் தொங்குவது எவ்வளவோ மரியாதை. என் மனப்பூர்வமாக, பிறர் தூண்டுதல் இல்லாமல் சொல்கிறேன்: என் மனைவியை நான்தான் கொன்றேன்.

நான் விட்டபோது அவள் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்கள். அது ஒன்று விட்டுப்போயிற்று. அவளுடைய வலது கையை நான் விட்டதும், இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மூன்று வருஷம் ஒரு டம்ளரைப் பிடித்து நிற்காத கை. அன்றைக்கு வீசவில்லை, சுழலவில்லை. நேராக வந்தது, பிடித்தது, பிடித்தபடி நின்றது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல் மட்டும் இரண்டு தரம் திரும்பி வந்து மடங்கிக்கொண்டது.

நோய் கையை ஆட்டும் என்று டாக்டர் சொன்னார். பிடித்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை, மறந்திருப்பார். அதுவும் நோயின் வேலைதான், ஐயா. அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.