கழன்ற வயர்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று யாராவது கூப்பிட்டால், சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். கேட்டதும் அவர்களுக்குக் கோபம் வரும். பாதிப் பேர் கொஞ்ச நேரம் கழித்து அசடு வழிந்தபடி திரும்பக் கூப்பிட்டு, வந்துவிட்டது என்பார்கள். பார்ட் பார்ட்டாக வாங்கி, கேபினட் பெட்டியில் தேவையான இடத்தில் துளை போட்டு, கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். இதில் பொறுமைதான் முக்கியம்.

என் தங்கையின் கணவன் கூப்பிட்டபோதும் அதைத்தான் கேட்டேன். "எல்லாம் பார்த்துட்டேன் மச்சான். செத்த மாதிரி கிடக்கு," என்றான். என் தங்கை போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். நேரில் நான் அவனை மாப்பிள்ளை, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவன்தான். உங்களிடம் எதற்கு நடிக்க வேண்டும்?

அது நானும் தங்கையும் சேர்த்த கம்ப்யூட்டர். அவர்கள் வீட்டுக் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பிவைத்துச் சேர்த்தோம். ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவள் முடுக்கியது. சரியாக உட்காராத ஸ்க்ரூவுக்கு என்னைத் திட்டுவாள். அவளுக்கு இரவு வேலை வரும் நாட்களில் மகள் தூங்க அடம்பிடிப்பாள். அதற்காகக் கதைகளை அவளே சொல்லி, அவளே பதிவு செய்து அதில் வைத்திருந்தாள். குட்டி அதைப் போட்டுக் கேட்டபடியே தூங்கிவிடுவாள். அம்மா போன பிறகு குட்டிக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். அவனுக்கும் அதேதான்.

அவன் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்கிறீர்கள். அவள் போன அன்று சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் படுத்திருந்தாள். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இவன் போர்வையைப் போர்த்திவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டான். சாப்பிட எழுப்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். அதையே நானும் கேட்டேன். "படுத்து எழுந்தா சரியாப் போயிடும்னு அவளே சொன்னா மச்சான்," என்று அழுதான்.

செத்தவள் மேல் பழியைப் போட்டால் அவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டாள் அல்லவா. இவனை நிம்மதியாக விடக் கூடாது என்று ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது. அவனே போன் செய்து வழி காட்டினான்.

போய்க் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதுமே கோளாறு தெரிந்துவிட்டது. பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயர் கழன்று தொங்கியது. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கட்டில் காலடியில் இருந்த கேபினட்டை இடித்துத் தள்ளியிருக்கிறான், மூலை நசுங்கியிருந்தது. இரண்டு விரலால் பிடித்துச் செருகினால் வேலை முடிந்தது. குட்டி தலையணையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் வயரை உள்ளே தள்ளி மறைத்துவிட்டு, கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும் போலத் தெரிகிறது என்றேன்.

கோளாறு பார்க்கும்போது கேள்வி கேட்பது வழக்கம்தான். "எதையும் விடாம சொல்லுங்க மாப்பிள்ளை. கடைசியா இதைத் தொட்டது யாரு?" என்றேன். அவள்தான் என்றான். அப்புறம் என்ன நடந்தது, நீங்கள் எப்போது வந்தீர்கள், அப்போது அவள் எப்படி இருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வெளிச்சம் ஆடியது. சரியாகப் பிடிக்கச் சொன்னேன்.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் வரவில்லை. வராது. அடுத்த முறை ரேம் என்றேன், அதற்கடுத்த முறை மதர்போர்டு. ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டேன். பாதியில் நிறுத்தினால், இதெல்லாம் தெரிந்தால்தானே கண்டுபிடிக்க முடியும் என்பேன். ஆள் துரும்பாக இளைத்துப் போனான். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு, என் மேஜையில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி கேபினட்டை எடுத்து வந்தேன். வயரைச் செருகியதும் ஃபேன் சுற்றியது. என் திட்டம் நல்ல திட்டம்தான். கதைகளை எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது. குட்டி வளர்ந்ததும் அவள் கையில் மட்டும் கொடுப்பது. அவன் மட்டும் கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டேன்.

கடைசிப் பதிவு அவள் போன அன்றைக்குச் செய்தது. குளிக்க மாட்டேன் என்று ஓடும் யானைக்குட்டியின் கதை. பாதியில் நிறுத்திவிட்டாள். மூச்சு வாங்கும் சத்தம். பதிவு ஓடிக்கொண்டே இருக்க, ஸ்பீக்கரில் போட்டு யாருக்கோ போன் செய்தாள். "அண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி பாரமா இருக்கு. கை வேற மரத்துப் போகுது," என்றாள். அந்தப் பக்கம் இரும்பைத் துளைக்கும் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல், "வேலையா இருக்கேன்மா. படுத்து எழுந்தா சரியாப் போயிடும்," என்றது. சரிண்ணா என்றாள். பிறகு மைக் பக்கம் வந்து, "குட்டி, மீதிக் கதை நாளைக்கு," என்று சொல்லிப் பதிவை நிறுத்தினாள்.

டிஸ்க் முழுவதையும் அழித்தேன். மீட்க முடியாதபடி அதன் மேலே வேறு குப்பையை எழுதி மறுபடியும் அழித்தேன். அந்த ஒன்றை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். மற்றதைக் கொடுத்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். அதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்?

கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து ஆன் செய்து காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. "அன்னைக்கு நீங்க இடிச்சு விழுந்துச்சே மாப்பிள்ளை, அதுலதான் எல்லாம் போயிருக்கு," என்றேன். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "அப்ப அவ குரலையும் நான்தானா மச்சான்?" என்று கேட்டான். இல்லை என்று நான் சொல்லவில்லை. அம்மா பேசுவாளா மாமா என்று குட்டி கேட்டபோது, அப்பா உடைத்துவிட்டார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அவனிடம் போவதில்லை. என் வீட்டில்தான் இருக்கிறாள். தூக்கம்தான் வருவதில்லை அவளுக்கு.

செய்தது நான்தான். வயரை மறைத்தது, டிஸ்க்கை அழித்தது, பழியை அவன் தலையில் கட்டியது எல்லாம் நான். அவனுக்கு அது தகும். அந்த ஆண்குரல் யாருடையது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். மைக் மலிவானது, அதில் யார் குரலும் அப்படித்தான் கேட்கும். அவன் குரலாகக்கூட இருக்கலாம்.