கேட்டைத் திறந்தவர்

என் குறிப்பேட்டில்: வெள்ளிக்கிழமை, காலை 8.40, மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு வரும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் பேனாவை எடுத்தேன்.

"எங்க ஊட்டுக்காரரு செத்து ஆறு வருசமாச்சு. நேத்து எஸ்டேட் கேட்டைத் திறந்தாரு, கண்ணு."

"ஏனுங்கக்கா, பயமுறுத்தறீங்க?"

"செல்லுல. நம்ம எஸ்டேட்டுல எடுத்தாங்களே, அந்தப் பழைய டிவி நாடகத்துல."

"அதைத்தான் இப்பச் சினிமாவா எடுக்கறாங்களாமே. நல்லா இருந்ததை எதுக்குங்க கெடுக்கோணும்?"

"கெடுத்தாக் கெடுத்துட்டுப் போறாங்க. சினிமா எடுக்கப் போயித்தானே பழசைத் தேடிப் புடிச்சு மறுபடி போட்டிருக்காங்க. ஊட்டுல போட்டோ இருக்குது. அவரு நடக்கறது எதுல இருக்குது? அவிங்க நொம்ப நல்லா இருக்கோணும்."

இளையவர் செல்போனை வாங்கிப் பார்த்தார். "முதுகுதானுங்க தெரியுது. வேற ஆளா இருந்தா?"

"அந்தக் கேட்டைத் தூக்கித்தான் திறக்கோணும், தள்ளுனா வராது. நாடகத்துல நடிக்க வந்தவனுக்கு அது தெரியுமா?"

இளையவர் மறுபடி பார்த்தார். "மாமாவேதானுங்கக்கா."

அவர்கள் சொன்ன நாடகத்தின் பெயரை வைத்து அன்று மாலை நானும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். முடிவில் வரும் பெயர்களில் கேட்டைத் திறப்பவருக்கு இடமில்லை. அவர் யார் என்பதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.